ராஜா வேண்டாம், பேரேட்டைக் கொடுங்கள்

1

போன வருஷம் எங்கள் டீமில் இருக்கிற லீட்ஸ் நகரத்துக்காரர் ஒருவர், வேலை முடிந்த பிறகு வீடியோ காலில் ஒரு பழைய தாளைக் காட்டினார். 1881ஆம் வருஷத்து இங்கிலாந்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அவருடைய தாத்தாவின் தாத்தா பேர், வயசு, பிறந்த ஊர், தொழில் எல்லாம் மையில் எழுதியிருந்தது. தொழில்: இரும்புச் சாமான் கடை. கீழே மனைவி பேர், நாலு பிள்ளைகள் பேர். கடைசி வரியில் வீட்டு வேலைக்கு இருந்த பதினாலு வயசுப் பெண்ணின் பேரும் இருந்தது. "கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று கேட்டேன். "ஒரு டீ குடிக்கிற நேரம்" என்றார்.

அதே வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா ஒரு பிடிஎஃப் போட்டார். நாற்பத்திரண்டு பக்கம். "நம்ம குல வரலாறு. எல்லாரும் பிரிண்ட் எடுத்து வச்சுக்கங்க." அட்டையில் வாளும் கிரீடமுமாக ஒரு ராஜா. மூன்றாம் பக்கத்தில் நாங்கள் பாண்டிய வம்சம். பதினைந்தாம் பக்கத்தில் கோட்டை கட்டுகிறோம். முப்பத்தெட்டில் யாரோ சதி செய்து நாட்டைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். முப்பத்தொன்பதில் திடீரென்று என் தாத்தா விருதுநகரில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். நடுவில் சில நூறு வருஷங்களைக் காணோம்.

போன் போட்டேன். "பெரியப்பா, தாத்தாவோட தாத்தா என்ன செஞ்சார்?"

"யாவாரந்தாம்ப்பா."

"அதை ஏன் எழுதல?"

"அதுல எழுத என்னப்பா இருக்கு?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில். பெரியப்பாவுக்கு மட்டும் அல்ல, 'ஆண்ட பரம்பரை' என்று ஸ்டேட்டஸ் வைக்கிற என் வயசுக்காரர்களுக்கும், 'தமிழனுக்கு வரலாற்று உணர்வே கிடையாது' என்று இலக்கியக் கூட்டத்தில் சலித்துக்கொள்கிறவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன். இரண்டு பேரும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். எழுதி வைக்கப்பட்டதைப் படிக்க மறுக்கிறார்கள்.

2

முதலில், லீட்ஸ்காரருக்கு ஒரு டீ நேரத்தில் கிடைத்தது எனக்கு ஏன் இரண்டு வருஷம் தேடியும் கிடைக்கவில்லை என்பதைப் பார்க்க வேண்டும்.

அவருடைய முன்னோரும் என்னுடைய முன்னோரும் ஒரே ராணியின் கீழ் வாழ்ந்தவர்கள். விக்டோரியா பட்டத்துக்கு வந்தது 1837, இறந்தது 1901. அவர் லீட்ஸில் ஆணியும் பூட்டும் விற்றார். என் தாத்தாவின் தாத்தா (எங்கள் பக்கம் 'ஓட்டன்' என்று சொல்வார்கள்) விருதுபட்டியில் பருத்தியும் கருப்பட்டியும் வத்தலும் விற்றார். இரண்டு பேரையும் அந்த ஏகாதிபத்தியம் எண்ணியது. இங்கிலாந்தில் 1841 முதல் பேர் பேராக எழுதிய தாள்களைப் பத்திரப்படுத்தி வைத்தார்கள். நூறு வருஷம் கழித்துத் திறந்துவிடுகிறார்கள். 1921ஆம் வருஷத்துத் தாள்கள் 2022 ஜனவரியில்தான் வெளியே வந்தன. பிறப்பு, திருமணம், இறப்புக்கு 1837இலிருந்து அரசுப் பதிவு இருக்கிறது. அதற்கு முந்தின காலத்துக்குத் தேவாலயப் பதிவேடுகள், 1538 முதல்.

சென்னை மாகாணத்திலும் 1871இல் கணக்கெடுத்தார்கள். பிறகு 1881, 1891, 1901 என்று பத்து வருஷத்துக்கு ஒருமுறை. இங்கேயும் வீடுவீடாகப் போய்த்தான் எழுதினார்கள். ஆனால் கூட்டிக் கழித்து அட்டவணை போட்டதும் அந்த மூலத் தாள்களை அழித்துவிட்டார்கள். இன்றைக்கு மிஞ்சியிருப்பது தடித்தடி அறிக்கைகள். இந்தத் தாலுகாவில் இந்தச் சாதியில் இத்தனை ஆண், இத்தனை பெண், எழுதப் படிக்கத் தெரிந்தவர் இத்தனை.

என் தொழில் பாஷையில் சொன்னால், அங்கே மூல டேட்டாவை வைத்துக்கொண்டார்கள். இங்கே சாதிவாரியாக 'குரூப் பை' போட்டு ரிப்போர்ட் எடுத்துவிட்டு டேபிளையே டெலிட் செய்துவிட்டார்கள். அந்த ரிப்போர்ட்டை வைத்து ஒரு ஆளைத் திரும்ப எடுக்கவே முடியாது. சாதியை மட்டும்தான் எடுக்க முடியும். நம்மவர்கள் 'என் முன்னோர் யார்' என்று கேட்கும்போதெல்லாம் பதில் ஒரு சாதியின் பேராக வந்து நிற்பதற்கு இந்த டெலிட் ஒரு முக்கியக் காரணம்.

பேர் எழுதி வைக்கத் தெரியாத அரசாங்கம் இல்லை அது. மெட்ராஸில் ஒரு வெள்ளைச் சிப்பாயின் குழந்தை இரண்டு மாசத்தில் இறந்துபோனால்கூட அதன் ஞானஸ்நானமும் அடக்கமும் நகல் எடுக்கப்பட்டு லண்டனுக்குப் போயின. இன்றைக்கும் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. நம்மூர்க்காரர் பேர் அரசாங்க ஏட்டில் ஏற வேண்டுமென்றால் நாலே வழிதான். சொத்து வாங்க வேண்டும், கடன் வாங்கவோ கொடுக்கவோ வேண்டும், குற்றத்தில் மாட்ட வேண்டும், அல்லது கப்பல் ஏற வேண்டும்.

கப்பல் என்று விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 1860 முதல் 1911 வரை கரும்புத் தோட்டங்களுக்காக நேட்டாலுக்குக் கொண்டுபோகப்பட்ட இந்தியர்கள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு எண், பேர், அப்பா பேர், வயசு, சாதி, கிராமம் என்று பட்டியலில் எழுதினார்கள். அதனால் டர்பனில் இருக்கிற ஒருத்தி தன் பூட்டன் எந்தக் கிராமத்திலிருந்து வந்தான் என்று அந்தப் பட்டியலைப் பிடித்துத் தேட முடிகிறது. கப்பல் ஏறாமல் அதே கிராமத்திலேயே இருந்துவிட்டவனின் வாரிசுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்: திருநெல்வேலிச் சீமையில் வேதத்துக்கு மாறிய குடும்பங்களுக்குச் சபைப் பதிவேடு உண்டு. எங்கள் வீடு மாறவில்லை.

இதற்கு மேல் தேடுகிற சொல்லே மாறிக்கொண்டிருக்கிறது. விருதுபட்டி 1910 வரை திருநெல்வேலி மாவட்டம். பிறகு ராமநாதபுரம். 1985இல் தனி மாவட்டம், முதலில் காமராஜர் பேரில். ஊர் 'விருதுநகர்' ஆனது 1923இல். அரசுக் காகிதத்தில் 'சாணார்' என்றிருந்தது 'நாடார்' ஆனது 1921இல். ஆளின் பேராவது நிலையாக இருக்கிறதா? எங்கள் வழக்கப்படி தாத்தா பேர் பேரனுக்கு. பேரன் என்றாலே பேரை உடையவன். ஓட்டன் பேர் என் தாத்தாவுக்கு, தாத்தா பேர் எனக்கு. ஒரே பேர், ஒரே அப்பா பேர், மூன்று ஆட்கள். 'பிரைமரி கீ' இல்லாத டேட்டாபேஸ். முதல்தடவை ஒரு பழைய பத்திரத்தில் என் பேரையே, என் அப்பா பேரோடு, வியாபாரம் என்ற தொழிலோடு பார்த்தபோது வயிற்றில் ஒரு மாதிரி பிசைந்தது.

3

சரி, அரசாங்கம் எழுதவில்லை. நாம்?

'நம்மாட்கள் எதையும் எழுதி வைக்க மாட்டார்கள்' என்கிறவர்கள் ஒரு தடவை விருதுநகர் கடைத்தெருவுக்கு வந்து பழைய கணக்கப்பிள்ளை யாரிடமாவது பேச வேண்டும். இந்த ஊரில் பெரிதாக எதுவும் விளையாது. ஆனால் மல்லி, வத்தல், பருப்பு, எண்ணெய் விலையை இந்த ஊர் சொல்லும், 'விருதுநகர் மார்க்கெட் நிலவரம்' என்று பேப்பரில் வரும். எழுதாமல் இது நடக்காது. கடை எடுத்து வைப்பதற்கு முன்னால் தினமும் பிள்ளையார் சுழி போட்டு நாள்வழி எழுத வேண்டும். அதிலிருந்து ஆள்வாரியாகப் பேரேட்டில் ஏற்ற வேண்டும். வருஷப் பிறப்புக்குப் புதுக்கணக்கு. ராஜாக்கள் போரில் ஜெயித்தால்தான் கல்வெட்டு வெட்டினார்கள். இவர்கள் தினசரி வெட்டினார்கள்.

கடைக்கணக்கோடு பொதுக்கணக்கும் இருந்தது. சிவகாசி, விருதுபட்டி, அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, திருமங்கலம், சாத்தங்குடி என்ற ஆறு ஊர்களில் நாடார் வியாபாரிகள் பேட்டைகள் அமைத்தார்கள். சரக்கையும் மாட்டையும் இரவில் கள்ளர் பயமில்லாமல் நிறுத்துகிற மதில் சூழ்ந்த இடம். பேட்டையில் நடக்கும் கொள்முதல் விற்பனையில் ஒரு சிறு பங்கு 'மகமை'. அந்தக் காசு உறவின்முறையின் பொதுப்பணம். கோயில், கிணறு, வழக்குச் செலவு, பிற்பாடு பள்ளிக்கூடம் எல்லாம் அதிலிருந்து. அமெரிக்க அறிஞர் ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் நாடார்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இந்த மகமையையும் உறவின்முறையையும் விரிவாகப் பேசுகிறார். அவர் அமெரிக்காவிலிருந்து வந்து பார்த்தது நம் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தது. நாம்தான் திறக்கவில்லை.

எங்கள் வீட்டில் மிஞ்சியது ஒரு பேரேட்டின் பதினோரு தாள்களும் ஓர் ஒத்திப் பத்திரமும். தாள்களை வைத்துக்கொண்டு ஒரு மாசம் முழித்தேன். எனக்குத் தமிழ் எழுத்து தெரியும், தமிழ் எண் தெரியாது. எண்ணைக் கற்றுக்கொண்டால் பின்னம் தெரியாது. கடைசியில் ஒரு பருப்பு மில்லில் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற, எண்பது வயசைத் தாண்டிய அண்ணாச்சி ஒருவரிடம் போய் உட்கார்ந்தேன். "இது வீசம். பதினாறுல ஒரு பங்கு. இது அரைக்கால். இதுகூடத் தெரியாம என்னய்யா இன்ஜினியரிங் படிச்ச?" என்றார். நியாயமான கேள்வி.

இன்னொரு வேடிக்கை. அந்தத் தாள்களில் கொக்கி கொக்கியாக வந்த குறிகளை ஏதோ கையெழுத்துச் சுருக்கம் என்று நினைத்திருந்தேன். அவர் ஒவ்வொன்றாகச் சொன்ன பிறகு தேடிப் பார்த்தால், அத்தனையும் என் போனிலேயே இருக்கின்றன. ௶ பற்று. ௷ வரவு. ௸ மேற்படி. ௹ ரூபாய். ௳ நாள், ௴ மாதம், ௵ வருஷம். 2003இல் வெளியான யூனிகோட் 4.0 இவற்றைத் தமிழ்ப் பகுதியில் சேர்த்துவிட்டது. பத்து வருஷமாக யூனிகோடோடு மல்லுக்கட்டிச் சம்பளம் வாங்குகிறேன். என் ஓட்டன் தினமும் எழுதிய குறி அதில் இருப்பது தெரியாது. கடைக்காரனின் எழுத்து கணினி வரைக்கும் வந்துவிட்டது. கடைக்காரனின் பேரன்தான் அதைப் படிக்கத் தெரியாமல் ராஜா படம் ஃபார்வர்டு செய்துகொண்டிருக்கிறான்.

தேதி கண்டுபிடிப்பது தனிக் கதை. தாளின் தலையில் 'ஈஸ்வர வருஷம் ஐப்பசி' என்று இருக்கும். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை ஈஸ்வர வரும். 1817ஆ, 1877ஆ, 1937ஆ? நல்லவேளையாகத் திருநெல்வேலிச் சீமையில் கொல்லம் ஆண்டும் எழுதுவார்கள். 1053 என்று பக்கத்திலேயே இருந்தது. அப்படியானால் 1877 கடைசி.

அந்தப் பதினோரு தாள்களில் இருப்பது இதுதான்: பருத்தி, மல்லி, கருப்பட்டி. வண்டிச் சத்தம். சுமைக்கூலி. மகமை. ஓரிடத்தில் 'ரயில் கூலி'. மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு விருதுபட்டி வழியாக ரயில் வந்தது 1876இல். வண்டி மாட்டோடு தூத்துக்குடிக்கு நாள் கணக்கில் நடந்துகொண்டிருந்த ஒரு மனுஷன் முதல் தடவையாக ரயிலுக்குக் காசு கட்டுவதை நான் அந்த வரியில் பார்த்தேன். பெரியப்பா பிடிஎஃபில் ராஜா கோட்டை கட்டுகிற பக்கத்தைவிட எனக்கு அந்த ஒரு வரி பெரிது. அந்த ராஜா எனக்கு யாரோ. ரயில் கூலியை எழுதியவர் என் பேர்க்காரர்.

4

ராஜா கதை எங்கிருந்து வந்தது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் நான் முன்னோரைக் கேலி செய்பவன் ஆகிவிடுவேன்.

1849இல் கால்டுவெல் திருநெல்வேலிச் சாணார்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறுநூல் எழுதினார். அதில் இருந்த இளக்காரம் படித்தவர்களைச் சுட்டது. மறுப்பு நூல்களும் துண்டுப் பிரசுரங்களும் வந்தன. 'நாங்கள் சத்திரியர், பாண்டிய வழி' என்ற வாதம் அந்தச் சூட்டில் வலுத்தது. அன்றைக்கு அதற்குத் தேவை இருந்தது. கோயிலுக்குள் போக முடியாது. நூற்றாண்டின் முற்பாதியில் தெற்கே திருவிதாங்கூரில் பெண்கள் மார்பை மறைப்பதற்கே போராட வேண்டியிருந்தது. 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நுழைந்தவர்கள்மேல் வழக்கு. 1899 ஜூன் 6 சிவகாசி தாக்கப்பட்டு எரிந்தது. எங்கள் வீடுகளில் இன்றைக்கும் அதைச் 'சிவகாசிக் கொள்ளை' என்றே சொல்வார்கள். வழிவந்த பெருமையை மட்டுமே தகுதியாக மதிக்கிற ஒரு சமூகத்தில், தகுதி கேட்டவர்கள் வழியைக் காட்ட வேண்டியிருந்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

ஆனால் அந்த ராஜா எந்தக் கதவைத் திறந்தார்? கமுதி வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1908இல் அங்கேயும் தோற்றது. சத்திரிய வாதம் செல்லவில்லை. மதுரை மீனாட்சி கோயில் கதவு திறந்தது 1939 ஜூலை 8. அ. வைத்தியநாதய்யர் தலைமையில் உள்ளே போனவர்களில் நாடார்களும் இருந்தார்கள், தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களும் இருந்தார்கள். சேர்ந்து போனார்கள். 'நாங்கள் மட்டும் உயர்ந்தவர்கள்' என்ற மனு தோற்ற இடத்தில் 'எல்லாரும் வரலாம்' என்பது ஜெயித்தது. நம் குல வரலாற்று நூல்களில் இந்தப் பாடத்தை நான் ஒன்றில்கூடப் பார்த்ததில்லை.

இன்னொரு உதாரணம். விருதுபட்டியில் 1889இல் தொடங்கிய பள்ளிக்கூடத்தின் பேர் சத்திரிய வித்தியாசாலை. காமராஜர் படித்தது அங்கேதான். பேரில் சத்திரியன் இருக்கிறான். நடத்தியது யார்? கடைத்தெரு மகமையும், வீடுவீடாகத் தினமும் எடுத்து வைத்த பிடி அரிசியும். அரசன் பேரில் ஒரு பலகை, கடைக்காரன் காசில் ஒரு கட்டடம், பானையிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து வைத்த பெண்களால் ஓடிய பள்ளி. பலகையை மட்டும் படித்துவிட்டு வரலாறு எழுதினால் என்ன ஆகும்? பெரியப்பாவின் பிடிஎஃப் ஆகும்.

இன்றைக்கு இந்த ராஜாவுக்கு என்ன வேலை? கோயில் திறந்தாயிற்று. பேங்க் இருக்கிறது, கல்லூரி இருக்கிறது, எம்எல்ஏ இருக்கிறார். தமிழ்நாட்டில் ஒவ்வொரு சாதிக்கும் இப்போது ஒரு ராஜா, ஒரு ஜெயந்தி விழா, ஒரு பிளெக்ஸ். எல்லாரும் ஆண்டிருந்தால் வரி கட்டியது யார்? அன்றைக்கு மேலே இருந்தவனைப் பார்த்து 'நானும் உனக்குச் சமம்' என்று சொல்ல வந்த ராஜா, இன்றைக்குக் கீழே இருப்பவனைப் பார்த்து 'நீ எனக்குச் சமமில்லை' என்று சொல்ல மட்டுமே பயன்படுகிறார். ஓட்டன் காலத்தில் அது தற்காப்பு. என் காலத்தில் அது வெறும் திமிர்.

5

ராஜா இன்னொரு வேலையும் செய்கிறார். அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். அவர் கடைக்காரரின் கணக்கை மறைக்கிறார்.

அந்த ஒத்திப் பத்திரத்துக்கு வருவோம். அதுவும் அதே ஈஸ்வர வருஷம். பக்கத்துக் கிராமத்துச் சம்சாரி ஒருவர் மூன்று ஏக்கர் சொச்சம் கரிசலை என் ஓட்டனிடம் அறுபத்திரண்டு ரூபாய்க்கு ஒத்தி வைக்கிறார். காரணம் எழுதியிருக்கிறது: குடும்ப சீவனத்துக்கும் சர்க்கார் தீர்வைப் பாக்கிக்கும். ஐந்து வருஷத்தில் திருப்ப வேண்டும். திருப்பினால் பத்திரத்தின் பின்பக்கம் வரவு எழுதி, கிழித்துக் கொடுப்பது வழக்கம். பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது. பத்திரம் கிழியவில்லை. எங்கள் வீட்டில் இருக்கிறது.

1877 என்ன வருஷம்? தாது வருஷப் பஞ்சம் என்று நாட்டுப்புறம் இன்னும் மறக்காத பஞ்சத்தின் இரண்டாவது வருஷம். 1876 முதல் 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் செத்தவர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல் என்பது பொதுவான மதிப்பீடு. ஜனங்கள் சாகும்போதும் தானியம் ரயிலில் போய்க்கொண்டிருந்தது, விலை கிடைத்த பக்கம். தீர்வையும் கேட்டார்கள். கையில் ரொக்கம் வைத்திருந்தவர்கள் வியாபாரிகள் மட்டும்தான். சம்சாரி வேறு யாரிடம் போவார்?

என் ஓட்டன் கல்நெஞ்சக்காரரா, ஆபத்துக்கு உதவினவரா என்று அந்தத் தாள் பேசாது. அவர் கை மேலே இருந்தது, எதிராளி கை கீழே இருந்தது என்பதை மட்டும் சொல்லும். அந்தக் கரிசல் எங்களிடமே நின்றுவிட்டது. நூறு வருஷம் கழித்து, 1974இல், அதை விற்ற காசில்தான் அப்பா தனிக்கடை போட்டார். அந்தக் கடைக் காசில்தான் நான் இன்ஜினியரிங் படித்தேன். என் லேப்டாப்பிலிருந்து ஒரு கோடு பிடித்துக்கொண்டே போனால் பஞ்ச வருஷத்தில் பசியோடு வந்து ரேகை வைத்த ஒரு சம்சாரியின் கட்டைவிரலில் போய் முட்டுகிறது. பாண்டியனிடம் போகவில்லை.

இதைக் குழுவில் எழுதினேன். பெரியப்பா உடனே போன் போட்டார். "அந்தக் காலத்துல எல்லாரும் செஞ்சதுதானப்பா. இதையெல்லாமா எழுதுவாங்க? அவுக வாரிசு வந்து வாசல்ல நிக்கப் போறாக." அவர் பயம் எனக்குப் புரிந்தது. நாற்பத்திரண்டு பக்கத்தில் ஏன் அந்த நூறு வருஷத்தைக் காணோம் என்பதும் அப்போதுதான் புரிந்தது. ராஜாவிடம் யாரும் கடன் பத்திரம் கேட்க மாட்டார்கள்.

பேரேட்டில் இல்லாதவர்களையும் சொல்லியாக வேண்டும். பதினோரு தாள்களில் ஐம்பது அறுபது ஆண்களின் பேர் இருக்கிறது. ஒரு பெண் பேர்கூட இல்லை. ஓட்டன் மனைவி 'வீட்டுக்கு' என்ற ஒரே சொல்லுக்குள் இருக்கிறார். 'வீட்டுக்கு ரூபாய் இரண்டு'. 'வீட்டுக்கு அணா ஆறு'. லீட்ஸ்காரரின் தாளில் வேலைக்காரச் சிறுமிக்குக்கூடப் பேர் இருந்தது. எங்கள் தாளில் வீட்டுக்காரிக்கே இல்லை. இந்தத் தவறுக்கு வெள்ளைக்காரனைப் பிடிக்க முடியாது. இது முழுக்க நம் கையெழுத்து.

6

மீதிப் பேரேடுகள் என்ன ஆயின? பிடிஎஃப் சொல்கிறது: 1899 கொள்ளையில் எரிந்துபோயின. நானும் சின்ன வயசிலிருந்து அப்படித்தான் கேட்டிருந்தேன். எங்கள் குடும்பம் சிவகாசியில் இல்லை, விருதுபட்டியில் இருந்தது. 1899இல் எரிந்திருந்தால் 1877ஆம் வருஷத்துத் தாள் எப்படி மிஞ்சியது என்றும் யாரும் கேட்கவில்லை.

அப்பாவிடம் ஒருநாள் மடக்கிக் கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். எண்பதுகளில் வீடு இடித்துக் கட்டியபோது இரண்டு டிரங்குப் பெட்டி நிறையப் பேரேடு இருந்ததாம். வைக்க இடமில்லை என்று அப்பத்தா பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டார். "நல்ல கெட்டிப் பேப்பர்னு கூடக் காசு குடுத்தாம்ப்பா."

எங்கள் பக்கத்தில் பழைய பேப்பர் எங்கே போகும் என்று எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். பட்டாசுக்குக் குழாய் சுற்றப் போகும். தீபாவளி மறுநாள் தெருவில் கிடக்கும் குப்பையில் அரைவரி நியூஸ் பேப்பர், பரீட்சைப் பேப்பர், பாடப் புத்தகம் எல்லாம் கிடக்கும். பொறுக்கிப் படிப்பது எங்களுக்கு ஒரு விளையாட்டு. எங்கள் பேரேடும் அப்படித்தான் போயிருக்கும். நாமே எடைக்குப் போட்டதை அடுத்தவன் எரித்ததாக எழுதி வைத்திருக்கிறோம். நூறு வருஷப் பகையில் அதையும் ஒரு வரவாக ஏற்றி வைத்திருக்கிறோம். இதைவிடக் கேவலம் ஒன்று எனக்குத் தோன்றவில்லை.

குழாய் என்றதும் அதைச் சுற்றுகிறவர்கள் ஞாபகம் வருகிறது. இந்தப் பட்டாசுச் சீமையின் வரலாறு என்று நாம் சொல்வது ஒரே கதைதான். 1920களின் தொடக்கத்தில் ப. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு வந்தார்கள், சிவகாசி குட்டி ஜப்பான் ஆனது. உண்மைதான், பெரிய விஷயம்தான். ஆனால் அதற்கு அடுத்த நூறு வருஷம் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கினவர்கள், திண்ணையில் பெட்டி ஒட்டினவர்கள், குரோஸ் கணக்கில் குழாய் சுற்றினவர்கள் பேர் எங்கே இருக்கிறது? போர்மேனின் முன்பண நோட்டில். மறுபடியும் கடன் என்ற அதே கதவு. உள்குத்தகைக்கு விட்ட பட்டறைகளில் வருகைப் பதிவேட்டில் பேர் ஏறாமலே வேலை பார்ப்பவர்கள் உண்டு என்பது எங்கள் பக்கம் ஊரறிந்த ரகசியம். 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி வெடிவிபத்தில் முப்பத்தைந்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த மாதிரி ஒவ்வொரு விபத்திலும் முதல் கேள்வி 'உள்ளே எத்தனை பேர் இருந்தாங்க?' என்பதுதான். அதற்கு உடனே பதில் வராது. செத்த பிறகு பேர் எழுதுகிறார்கள்.

நூறு வருஷம் கழித்து அந்தப் பெண்களின் பேத்தி ஒருத்தி என்னைப்போல் தேடுவாள். அவளுக்கு என்ன கிடைக்கும்? வெள்ளைக்காரன் 1881இல் செய்ததை நாம் 2020களில் செய்துகொண்டிருக்கிறோம். எத்தனை பேர், எத்தனை கோடி என்ற மொத்தத்தை வைத்துக்கொண்டு ஆட்களின் பேரைத் தொலைக்கிறோம்.

7

ஆகவே, இதைப் படிக்கிறவர்களிடம் சில விஷயங்கள் கேட்கிறேன். கெஞ்சல் என்று வைத்துக்கொண்டாலும் சரி.

இந்தத் தடவை ஊருக்குப் போகும்போது பரணில் ஏறுங்கள். பத்திரம், பேரேடு, சீட்டு நோட்டு, மொய் நோட்டு எது கிடைத்தாலும் போட்டோ எடுத்து வையுங்கள். மொய் நோட்டைக் கேவலமாக நினைக்காதீர்கள், ஒரு ஊரே அதில் பேரோடு இருக்கும். சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய பத்திரங்களுக்குப் பேர்வாரியான அட்டவணை உண்டு, மனு போட்டு நகல் கேளுங்கள். நிலம் இல்லாத குடும்பம் என்றால் எதிராளியின் பத்திரத்தில் தேடுங்கள், எல்லைச் சொல்லும் பகுதியிலும் சாட்சிக் கையெழுத்திலும் உங்கள் ஆள் இருக்கலாம். வீசமும் அரைக்காலும் படிக்கத் தெரிந்த கடைசித் தலைமுறை உட்கார்ந்திருக்கிறது, போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். படித்ததில் அவமானம் இருந்தால் அதையும் எழுதுங்கள். எழுதாத இடத்தில் ராஜா வந்து உட்கார்ந்துகொள்வார்.

நான் ஒரு பக்கம் எழுதிக் குழுவில் போட்டேன். ஓட்டன் பேர், தொழில், வாங்கிய சரக்கு, ரயில் கூலி, அறுபத்திரண்டு ரூபாய், திருப்பப்படாத கரிசல். 'மனைவி' என்று எழுதி எதிரில் ஒரு கோடு போட்டிருந்தேன். ஒருநாள் முழுக்க யாரும் வாயைத் திறக்கவில்லை. ராத்திரி ஒரு வாய்ஸ் மெசேஜ். அப்பாவின் அத்தை, தொண்ணூறைத் தாண்டியவர். பேத்தி போனைப் பிடித்திருக்கிறாள் போல.

"அய்யா, அந்தக் கோடு போட்டிருக்கியாமே, அவுக பேரு எனக்குத் தெரியும்ய்யா. எங்க அப்பத்தாதான அவுக. எனக்கு வச்சதே அவுக பேருதானே."

அந்தக் கோட்டை அழித்துவிட்டுப் பேரை எழுதினேன்.